தேதியில்லாத செய்தி

டோக்கன் அறுபத்து மூன்று. சுவரில் சிவப்பு எழுத்தில் நாற்பத்தொன்று என்று எரிகிறது. குரோம்பேட்டையில் இந்த செல்போன் கம்பெனிக் கடைக்குள் நான் நுழைந்தபோது மணி பத்தரை. வெளியே மழை, உள்ளே ஏசி, நனைந்த துணியோடு இருபது பேர் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், அதைக் கொஞ்சம் குறையுங்கள் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, எனக்கும்தான். கையில் விண்ணப்பம். பெயர் திலகவதி சுகுமாரன், வயது நாற்பத்தைந்து, எண்ணை மாற்றக் கோரும் காரணம் என்று ஒரு கட்டம், அதில் இரண்டு விரல் அகலம்தான் இடம். தேவையற்ற அழைப்புகள் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் எவனோ பொறுக்கி என் பின்னால் சுற்றுகிறான் என்று அர்த்தமாகிறது. அப்படி யாருமில்லை, என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். இதோ மடியில் போன் துடிக்கிறது. எடுக்காமல் விட்டால் இன்னும் பயந்துபோய்த் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள், எட்டு வருஷத்தில் அது எனக்குத் தெரியும், அதனால் எடுத்தேன். "ஹலோ, மேடம், நான் திண்டுக்கல்லேர்ந்து பேசறேன், உங்களுக்கு என்னைத் தெரியாது, சேஃபா இருக்கீங்களா? போட் வந்துச்சா?" நல்ல மனசுள்ள குரல், பின்னால் குக்கர் விசிலடிக்கிறது, சமையலை விட்டுவிட்டு என் உயிரைப் பற்றிக் கவலைப்படுகிறாள். இருக்கேம்மா, வந்திடுச்சு என்றேன். "கடவுளே. வயித்துல குழந்தை?" நல்லாயிருக்கு என்றேன். அவள் அழுதுவிட்டாள். நான் போனை வைத்துவிட்டு சுவரைப் பார்த்தேன், நாற்பத்திரண்டு.

என் வயிற்றில் குழந்தை எப்போதும் இருந்ததில்லை. பதினாலு வருஷம் குடும்பம் நடத்தினோம், நாலு டாக்டர், ஒரு சித்த வைத்தியர், அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். அந்தக் குழந்தையை எனக்குக் கொடுத்தது முகம் தெரியாத யாரோ. எட்டு வருஷத்துக்கு முந்தின வெள்ளத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டபோது என் வீட்டுக்காரர் போட்ட செய்தியை யாரோ எடுத்து, இது போதாது, இன்னும் கொஞ்சம் உருக்கமாக இருக்கட்டும் என்று நினைத்து, நிறைமாத கர்ப்பிணி என்று இரண்டு வார்த்தை சேர்த்தார்கள். அந்தச் செய்திதான் இன்னும் உயிரோடிருக்கிறது. சென்னையில் எப்போது பெரிய மழை பெய்தாலும், கடலூரில் பெய்தாலும், ஒருமுறை கேரளாவில் பெய்தபோதும்கூட, எந்த வாட்ஸப் குழுவின் அடியிலிருந்தோ அது மேலே வந்துவிடும், கீழே என் எண்ணோடு. நேற்று மத்தியானத்திலிருந்து நூற்றுப் பத்தொன்பது அழைப்பு. லேபில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்க, நான் ரிசப்ஷன் மேஜையில் உட்கார்ந்து, வந்திடுச்சுங்க, நல்லாயிருக்கேங்க, தேங்க்ஸுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் வந்து நின்றார். "திலகா, ஒண்ணு இந்த நம்பரை மாத்து, இல்ல லீவு போட்டுட்டு வீட்ல உக்காந்து பேசு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அரை நாள் லீவு போட்டு வந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் போட்ட செய்தி இப்படி இருக்கவில்லை. அவர் கோர்ட்டில் தட்டச்சர். இருபத்து மூன்று வருஷம் வாக்குமூலம் அடித்த கை, ஒரு கால்புள்ளிகூடத் தவறாது. வீட்டில் பால்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தாலும் மேலே தேதி போடுவார். நான் சிரிப்பேன். "தேதி இல்லாட்டி அது செல்லாது திலகா, நாளைக்கு எவனாவது எடுத்துப் பார்த்தா எப்ப எழுதினதுன்னு எப்படித் தெரியும்?" என்பார். அன்றைக்கும் படிக்கட்டில் உட்கார்ந்து, மூச்சு இழுத்துக்கொண்டிருக்க, ஒற்றை விரலால் அடித்தார், என் போனில், அவருடையது முந்தின நாளே அணைந்துவிட்டது. டிசம்பர் 2, புதன், காலை 7.40. கங்கையம்மன் கோயில் தெரு, திருமலை நகர் விரிவு, குடிநீர்த் தொட்டிக்கு எதிர்வீடு. இருவர் மாடிப் படியில் இருக்கிறோம். ஒருவருக்கு மூச்சுத்திணறல், இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. படகு அல்லது மருந்து தேவை. அவ்வளவுதான். அடித்து முடித்து ஒருமுறை படித்து, தேவை என்ற வார்த்தைக்குப் பின்னால் முற்றுப்புள்ளி வைத்தாரா என்று பார்த்து, அப்புறம்தான் அனுப்பினார். எட்டே காலுக்கு அது எங்களுக்கே திரும்பி வந்தது, அவருடைய ஆபீஸ் குழுவில், வேறு யாரோ அனுப்பியதாக. தேதியைக் காணோம். திருமலை நகர் விரிவைக் காணோம். நீளம் அதிகம் என்று வெட்டிவிட்டார்கள் போல. கர்ப்பிணி வந்திருந்தாள். கடைசியில், ஒரு ஷேர் ஒரு உயிர் என்று இருந்தது. அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நகர் பேரை எடுத்துட்டாங்களே" என்றார். கர்ப்பிணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

நாற்பத்தாறு. பக்கத்து நாற்காலிக்காரர் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார், நாற்காலிகள் ஒன்றாகப் பிணைத்தவை, அவர் ஆட்டினால் நானும் ஆடுகிறேன். கழுத்தில் ஆபீஸ் அட்டை, கோகுல்நாத் என்று. முப்பது வயதிருக்கும், மூஞ்சியில் ஒரு கெடுதலும் தெரியாத ஆள். போனில் ஒவ்வொன்றாகப் படித்து ஒவ்வொன்றாக யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறார், பால் பாக்கெட் கிடைக்கும் இடம், பாம்பு பிடிப்பவர் எண். அனுப்பி முடித்ததும் ஒரு சின்ன மூச்சு விடுகிறார், கடமை முடிந்தது என்கிற மூச்சு. இந்த மாதிரி ஆட்கள்தான் அன்றைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். எட்டரைக்கு முதல் அழைப்பு. ஓடிப்போய் எடுத்தேன், படகுக்காரர் என்று நினைத்து. "மேடம், இது ஜென்யூன் மெசேஜான்னு வெரிஃபை பண்ணக் கூப்பிட்டோம்." ஆமாம் என்று சொல்லி விலாசம் முழுக்கச் சொன்னேன். வைத்ததும் இன்னொன்று, அதுவும் வெரிஃபை. மதுரையிலிருந்து ஒருவர், சிங்கப்பூரிலிருந்து ஒருவர், கல்லூரிப் பெண்கள் நாலு பேர் ஸ்பீக்கரில் போட்டு ஒன்றாக. யாரிடமும் படகு இல்லை. என்ன வயசு, எத்தனை மாசம், ரத்த வகை என்ன. சில பேர் நோயாளியோடு பேச வேண்டும் என்றார்கள், நம்ப முடியவில்லையாம், பொய்ச் செய்தி நிறைய வருகிறதாம். அவர் போனை வாங்கி, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே வாயைத் திறந்து திறந்து மூடி, ஆமாங்க, உண்மைதாங்க, நான்தான் சுகுமாரன் என்று சொன்னார். பேசாதீங்க, பேசாதீங்க என்று நான் கையைப் பிடித்தேன். "கேக்கிறாங்களே, பதில் சொல்லாம எப்படி" என்றார். கோர்ட்டு ஆள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு பேருக்குச் சொன்னோம், அப்புறம் எண்ணிப் பார்த்தேன், போனிலேயே பதிவாகியிருந்தது. பதினொன்று இருபதுக்கு போன் அணைந்தது. காலையில் எழுபது சதவீதம் இருந்த போன். இரண்டரை மணிக்கு அவர் போனார், சுவரில் சாய்ந்தபடி, தண்ணீர் ஏழாவது படியில் இருந்தது, கீழே எங்கள் பிரிட்ஜ் மல்லாந்து மிதந்து கதவில் டொக் டொக் என்று இடித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் நான் அவர்கள் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடலாம். முடியவில்லை, எப்போது யோசித்தாலும் ஓரிடத்தில் வந்து சேலை முள்ளில் மாட்டினாற்போல மாட்டிக்கொள்கிறது. முந்தின நாள் சாயங்காலம் நாலரை மணி. தண்ணீர் இடுப்பளவு. மெயின் ரோடு முன்னூறு அடி. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வா, இப்பவே நடந்திடலாம்" என்றார். ஈரத்தில் நனைந்தால் உங்களுக்கு இழுப்பு வந்துவிடும் என்றேன். இருட்டுவதற்குள் தண்ணீர் வடிந்துவிடும் என்றேன். அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். "ஃபேஸ்புக்ல பாருங்க, எவ்ளோ பேர் படகோட நிக்கிறாங்க. ஒரு மெசேஜ் போட்டா வரமாட்டாங்களா?" அப்படித்தான் சொன்னேன், பெருமையாகச் சொன்னேன், என் ஊர் ஜனத்தின் மேல் அப்படியொரு நம்பிக்கை. அவர் லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டார். முன்னூறு அடி. நான் இப்போது தினம் பஸ் ஸ்டாண்டிலிருந்து லேபுக்கு நடக்கிற தூரம் அதைவிட அதிகம். நடக்கும்போது எண்ணுவேன், இந்தப் பெட்டிக்கடை நூறு, இந்த டிரான்ஸ்ஃபார்மர் இருநூறு, இதோ வந்துவிட்டோம் என்று. இந்தப் பைத்தியக்காரத்தனத்தை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று மாசம் கழித்து பெங்களூரிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். வெள்ளத்தின்போது கம்ப்யூட்டர் படித்தவர்கள் சேர்ந்து ஒரு வரைபடம் போட்டிருந்தார்களாம், உதவி கேட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சிவப்புப் புள்ளி, ஆட்களைக் காப்பாற்றியதும் பச்சையாக்கிவிடுவார்கள். "மேடம், உங்க பாயின்ட் கிரீன்ல இருக்கு. எந்த டீம் ரெஸ்க்யூ பண்ணாங்கன்னு மட்டும் கன்ஃபர்ம் பண்ணா நாங்க டேட்டாவ க்ளோஸ் பண்ணிடுவோம்." எப்போது பச்சையாச்சு என்று கேட்டேன். பார்த்துச் சொன்னான், டிசம்பர் 2, பத்து மணி ஐம்பது நிமிஷம். அப்போது அவர் உயிரோடிருந்தார். போனில் யாருக்கோ ஆமாங்க, உண்மைதாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களை யாரும் வந்து மீட்கவில்லை என்றதும் அவன் குழம்பிப்போய்த் தேடினான், கெட்டிக்காரன், நேர்மையானவனும்கூட, மறைக்காமல் சொன்னான். ஊரின் மறுகோடியில் இன்னொரு கங்கையம்மன் கோயில் தெரு. இரண்டு படகு அங்கே போயிருக்கின்றன. நகர் பெயர் இல்லாததால் எந்தத் தெரு என்று அவர்களுக்குத் தெரியவில்லை, ஆனால் கர்ப்பிணி என்று தெரியும், அதனால் வீடு வீடாகக் கர்ப்பிணி இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள். இருந்திருக்கிறாள். ஒன்பதாவது மாசம், இடுப்பு வலி ஆரம்பித்து, தனியாக, புருஷன் வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டு. தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, கர்ப்பிணி சேஃப் என்று எழுதி, எங்கள் புள்ளியைப் பச்சையாக்கிவிட்டார்கள். "சாரி மேடம்" என்றான் அவன், அழுதான் என்றுகூட நினைக்கிறேன். என்ன செய்ய. யாரோ சேர்த்த பொய் ஒரு நிஜமான வயிற்றைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. அந்தக் குழந்தைக்கு இப்போது எட்டு முடிந்திருக்கும். அதை நான் சபிக்கவா முடியும். சில நாள் முயற்சி செய்து பார்த்திருக்கிறேன். வரவில்லை. வராததும் எரிச்சலாக இருக்கிறது.

ஐம்பது. போன் மறுபடி துடித்தது. வந்திடுச்சுங்க என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டே எடுத்தேன். "அக்கா, போட் அனுப்புறது நீங்கதானே? லிஸ்ட்ல உங்க நம்பர் இருக்கு." எந்த லிஸ்டும்மா என்றேன். ரெஸ்க்யூ வாலன்டியர்ஸ் லிஸ்ட், வடசென்னை, மூணாவது பேரு, திலகவதி என்றாள். நேற்றிலிருந்து நூற்றுப் பத்தொன்பது பேரில் யாரோ ஒருவர் என் பெயரைக் கேட்டது ஞாபகம் வந்தது. உதவி கேட்டவளின் எண் எங்கோ ஒரு கை மாறும்போது உதவி செய்பவளின் எண்ணாகியிருக்கிறது. நான் வாலன்டியர் இல்லை, தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிடலாம், அதுதான் உண்மை. அவள் அதற்குள் பேசிக்கொண்டே போனாள், மூச்சுவிடாமல். பெயர் ஜெபசீலி. அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நடக்க முடியாது, கனத்த உடம்பு, இவள் ஒருத்தியால் தூக்க முடியாது. ஓட்டு வீடு, மாடி கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லாரும் விடிகாலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், வந்து தூக்குகிறோம் என்று சொன்னவர்கள் வரவில்லை. போவதற்கு முன் அவர்கள் கட்டில் மேல் பெஞ்சு போட்டு அப்பாவை அதில் படுக்க வைத்திருக்கிறார்கள். தண்ணீர் பெஞ்சுக் காலைத் தொட்டுவிட்டது. "லிஸ்ட்ல மொத ரெண்டு நம்பர் போவல. நீங்கதான் எடுத்தீங்க." போனில் எவ்ளோ சார்ஜ் இருக்கு என்று கேட்டேன். அவளுக்குப் புரியவில்லை. பாத்துச் சொல்லும்மா என்றேன். பதினெட்டு என்றாள். எந்த ஊர், எந்தத் தெரு, வெறும் தெருப் பெயர் வேண்டாம், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அவள் சொல்வதை உரக்கத் திருப்பிச் சொல்லி, விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். மணலி புதுநகர் தாண்டி, இடையஞ்சாவடி ரோடு, மூடிப்போன ரைஸ் மில்லுக்குப் பின்னால் மூன்றாவது வீடு, வாசலில் முருங்கை மரம். எழுதி, மேலே தேதியும் நேரமும் போட்டேன், பதினொன்று நாற்பது. "யார் கூப்பிட்டாலும் எடுக்காதே. நான் கூப்பிட்டா எடு. வேற ஒரு ஆள் கூப்பிடுவார், அவர் நம்பர் கடைசி மூணு எண் நானூத்தி ஏழு, அதை எடு. மத்ததெல்லாம் அடிச்சு ஓயட்டும்" என்றேன். சரிக்கா என்றாள். அவளுக்குப் பின்னால் தண்ணீர் ஏதோ ஒரு பாத்திரத்தைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது.

நானூற்று ஏழு. யோசிக்காமல்தான் சொன்னேன், சொன்ன பிறகுதான் அது யாருடைய எண் என்று உறைத்தது. மாசிலாமணி. காசிமேட்டுக்காரர். மூன்றாம் நாள் காலையில் எங்கள் தெருவுக்கு வந்த படகு அவருடையது. அவரை யாரும் அனுப்பவில்லை, செய்தி பார்த்தும் வரவில்லை, அவரிடம் அப்போது பட்டன் போன்தான். கடலில் ஓட்டுகிற போட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஒரு தெரு விடாமல், ஆள் இருக்கீங்களா, ஆள் இருக்கீங்களா என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். இருக்கோம் என்றேன் நான், பன்மையில். படியேறி வந்து பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து என் வீட்டுக்காரர் முகத்தின் மேல் போட்டார். தனி ஆளாகத் தோளில் தூக்கி இறக்கினார். கரையில் விட்டுவிட்டு, "எதுனா வேணும்னா கூப்புடும்மா" என்று எண்ணை என் கையில் பேனாவால் எழுதினார். நான் அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்து, எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் தேங்க்ஸுங்க, தேங்க்ஸுங்க என்கிறேன். என்னவென்று சொல்வது, அந்தக் குரலைக் கேட்டாலே அந்தத் துண்டின் மீன் வாடை வந்துவிடும் என்று பயம். இப்போதும் வந்தது. மணி அடித்தது, அடித்தது, எடுத்தார். "யாரு?" நான், திருமலை நகர், படிக்கட்டுல, எட்டு வருஷம் முன்னாடி என்று ஏதேதோ உளறினேன். "தெரியுதும்மா. சொல்லு" என்றார், நேற்றுப் பேசியதை இன்றைக்குத் தொடருகிற மாதிரி. சொன்னேன். "நான் இப்ப தொழிலுக்குப் போறதில்ல, முட்டி போயிடுச்சு. மச்சான் பசங்க எண்ணூர்ல இருக்கானுங்க, பைபர் படகு வெச்சிருக்கானுங்க. எடத்த இன்னொரு வாட்டி சொல்லு." சொன்னேன். "தண்ணி ஓடுதா, நிக்குதா?" தெரியாது என்றேன். "அதக் கேளு மொதல்ல. ஓடுற தண்ணின்னா வேற பக்கமா வரணும்." முப்பத்து நான்கு பேர் அன்றைக்கு என்னிடம் என்னென்னவோ கேட்டார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை.

ஜெபசீலிக்கு அடித்தேன். நீங்கள் தொடர்புகொள்ளும் வாடிக்கையாளர் வேறொரு அழைப்பில் இருக்கிறார். சரி, அழுகிற பெண், யாரிடமாவது பேசுவாள் என்று ஒரு நிமிஷம் பொறுத்தேன். மறுபடி வேறொரு அழைப்பு. மறுபடி. விலாசத்தை நான் உரக்கத் திருப்பிச் சொன்னது ஞாபகம் வந்தது, தலையைத் திருப்பி கோகுல்நாத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பரிவோடு. "கவலைப்படாதீங்க மேடம், நான் போட்டுட்டேன். நீங்க சொல்லச் சொல்ல டைப் பண்ணிட்டேன். நாலு நிமிஷத்துல நானூறு ஷேர்" என்று திருப்பிக் காட்டினார். ஜெபசீலியின் பெயர், எண், வயதான தந்தை உயிருக்குப் போராட்டம். ரைஸ் மில்லை விட்டுவிட்டார். எடுங்க என்றேன். "என்ன மேடம்?" அதை எடுத்துடுங்க, அந்தப் பொண்ணு போன்ல பதினெட்டு பர்சென்ட்தான் இருக்கு, இப்ப நானூறு பேரும் கூப்பிட்டு நீ நிஜமான்னு கேப்பாங்க, எடுங்க என்றேன். என் குரல் ஏறிவிட்டது போலிருக்கிறது, கடை முழுக்கத் திரும்பியது. எதிர் வரிசையில் ஒரு அம்மா பக்கத்திலிருப்பவரிடம், "பாவம் அந்தத் தம்பி உதவிதானே செய்யுது, இது ஏன் இப்படிக் கத்துது" என்றாள், என் காதில் விழும்படி. கோகுல்நாத் முகம் சிவந்து, அழித்தார். "எடுத்துட்டேன். ஆனா காப்பி பண்ணவங்கள ஒண்ணும் பண்ண முடியாது. நான் தப்பா ஒண்ணும் செய்யலையே மேடம்?" இல்ல, நீங்க தப்பா செய்யல என்றேன். அதுதான் உண்மை, அதைச் சொல்லும்போது வாயெல்லாம் கசந்தது. யாரும் தப்பாகச் செய்யவில்லை. வெட்டியவர், சேர்த்தவர், பச்சையாக்கியவர், வெரிஃபை செய்தவர்கள், லுங்கியை இறக்கச் சொன்ன நான். பன்னிரண்டு மணி எட்டு நிமிஷத்துக்கு ஜெபசீலியின் போன் அணைந்துவிட்டது என்று அதே குரல் இங்கிலீஷிலும் தமிழிலும் சொன்னது.

மாசிலாமணிக்கு அடித்து, கேக்க முடியல, போன் ஆஃப் என்றேன். "நானும் போட்டேன், பிசி பிசின்னு வந்துச்சு. வுடு. ரைஸ் மில்லுன்ன பாரு, அது போதும், நம்ம பசங்களுக்குத் தெரியும். ஓடுற தண்ணின்னே வெச்சுக்கினு போவ சொல்றேன்." எவ்ளோ நேரமாகும் என்றேன். "தண்ணிய கேக்கணும்" என்றார். அப்புறம் நான் செய்ய ஒன்றுமில்லை. அதைவிடக் கொடுமை கிடையாது, ஒன்றும் செய்யாமல் சுவரில் எண் மாறுவதைப் பார்ப்பது. ஐம்பத்தெட்டு. பெஞ்சுக்கால் எவ்வளவு உயரமிருக்கும். எங்கள் வீட்டில் ஒரு படி ஆறு அங்குலம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு படி ஏறியது. இழுப்பு வந்தவனாவது உட்கார்ந்திருக்கலாம், ஒரு பக்கம் விழுந்தவர் படுத்தபடி என்ன செய்வார், முகத்தைத் திருப்பக்கூட மகள்தான் திருப்ப வேண்டும். அறுபது. போன் அதிர்ந்தது, ஈரோட்டிலிருந்து ஒருவர், மேடம் சேஃபா. இதுவரை செய்யாததைச் செய்தேன். அது எட்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டதுங்க, அவர் செத்துட்டார், வேற யாருக்கும் அனுப்பாதீங்க என்றேன். "அப்ப ஏங்க இன்னும் வெச்சிருக்கீங்க?" என்று கோபித்துக்கொண்டார், நான்தான் அதை ஊரெல்லாம் விட்டு அவரை ஏமாற்றியதுபோல. வைத்துவிட்டார்.

அறுபத்து மூன்று என்று மணி அடித்தது. கவுன்ட்டரில் இருந்த பெண் விண்ணப்பத்தை வாங்கி, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, முருங்கை மரம் என்று எழுதியிருந்ததைப் படித்து, என்னைப் பார்த்தாள். வேற ஃபார்ம் தரேன் மேடம் என்றாள். இந்த நம்பரை என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன். "எது, பழசா? தொண்ணூறு நாள் ப்ளாக்ல இருக்கும், அப்புறம் வேற கஸ்டமருக்குக் குடுத்துடுவோம்." வேற கஸ்டமர். புதிதாக வேலைக்குச் சேர்ந்த யாரோ, கல்யாணமாகி வந்த யாரோ. அடுத்த மழையில் அவள் கையில் அடிக்கும், வயித்துல குழந்தை எப்படி என்று. அவள் பயந்துபோவாள். ஒருவேளை அவளுக்கும் குழந்தை இல்லாமலிருந்தால். ஒருவேளை இன்னொரு ஜெபசீலி லிஸ்டைப் பார்த்துக் கூப்பிட்டால், ராங் நம்பர் என்று வைத்துவிடுவாள், அதில் அவள்மேல் என்ன தப்பு. "மேடம், மாத்தவா?" வேண்டாம்மா என்றேன். அவள் அடுத்த டோக்கனை அழைத்தாள். இரண்டு மணி நேரம் குளிரில் உட்கார்ந்தது இதற்குத்தான். எனக்கு அந்த எண்ணின் மேல் பாசமெல்லாம் வந்துவிடவில்லை, வீட்டில் செத்த எலி நாற்றமடித்தால் அதை எடுத்துப் பக்கத்து வீட்டு வாசலில் போட முடியாதில்லையா, அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு லேபில் இருக்க வேண்டும். கடை வாசலில் தகரக் கூரையின் கீழ் நின்றுகொண்டேன், பஸ் வந்தது, போனது. கோகுல்நாத் வெளியே வந்தார், பக்கத்தில் நின்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். ஒன்று ஐம்பதுக்கு நானூற்று ஏழு அடித்தது. "பசங்க லைன்ல வரானுங்க, பேசு" என்றார் மாசிலாமணி. காற்று, மோட்டார் சத்தம், யாரோ பிடி பிடி என்று கத்துகிற சத்தம், அதற்கு நடுவில் ஜெபசீலி. "அக்கா, ஏத்திட்டாங்கக்கா. கழுத்துமட்டும் தண்ணி வந்துடுச்சுக்கா, நான் தலைய தூக்கிப் புடிச்சுக்கினே இருந்தேன். எண்பத்தொரு வயசுக்கா எங்கப்பாவுக்கு." அழுகைக்குள் ஒரு பெருமை. அவளுக்குப் பின்னால் ஒரு கிழட்டுக் குரல், கோணிய வாயிலிருந்து குழறிக்கொண்டு, விடாமல் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது. வெற்றிலைப் பெட்டியை வீட்டிலேயே விட்டுவிட்டார்களாம், திரும்பிப் போய் எடுத்து வர வேண்டுமாம், போட்டைத் திருப்பச் சொல்லுகிறார். பையன்கள் சிரிக்கிறார்கள். எண்பத்தொன்று. என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தாறு. ஒரு கெட்ட வார்த்தை பேசத் தெரியாதவர், முப்பத்து நான்கு பேருக்கும் ங்க போட்டுப் பதில் சொன்னவர். இந்தக் கிழம் வெற்றிலைப் பெட்டிக்காக ஊரைக் கூட்டுகிறது. உங்களுக்கு எப்படிக்கா நன்றி சொல்றது என்று ஜெபசீலி கேட்டுக்கொண்டேயிருந்தாள். அந்த நிமிஷம் அந்தக் கிழவர் உயிரோடிருப்பதை நான் வெறுத்தேன், நிஜமாகவே வெறுத்தேன், வேறு பெயர் சொல்லி மறைக்க முடியாது. வெறுத்துக்கொண்டே போனைக் காதோடு அழுத்தி, மறு காதை விரலால் அடைத்துக்கொண்டு, அவர் திட்டித் தீர்க்கும்வரை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன்.